வேற என்ன சொல்லணும்மா?

நேயர்களுக்கு வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 14 வருடமாக முடக்குவாதம் என்ற மூட்டு நோய் இருக்கிறது.

இந்த நோய்க்கு விடியற்காலைதான் உக்கிரமான நேரம். எழுந்தவுடன் விரல்கள் மடங்காது, காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். வெயில் ஏற ஏற இறுக்கம் தளரும். பத்து மணிக்கு ஓ.பி.யில் என் முறை வரும்போது கை ஏறக்குறைய சரியாகியிருக்கும். “கையை மடக்குங்க” என்பார் டாக்டர். மடக்குவேன். “நல்லாத்தானே மடங்குது?” என்பார். ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. வயசாகுதும்மா என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

பிறகு வேறொரு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா என் கையைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: “காலையில எழுந்ததும் விரல் இளக எவ்வளவு நேரம் ஆகுது?” ஒன்றரை மணி நேரம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது உள்ள எல்லோருக்கும் ரத்தத்தில் தெரிந்துவிடாது என்பதையும் அவர்தான் சொன்னார். அந்த இரண்டு வருடத்தில் அரித்துப்போன மூட்டு திரும்ப வராது. என் வலது கை விரல்கள் இன்றைக்கும் கோணலாகவே இருக்கின்றன.

பேசவிட்டால் நோயாளி நிறுத்தவே மாட்டார் என்ற பயம் பல டாக்டர்களுக்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2002இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சராசரியாக அவர்கள் பேசியது 92 விநாடிதான். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர்.

நம் ஊர் ஓ.பி.யில் அந்த 92 விநாடியும் பெரிது என்று எனக்குத் தெரியும். மதியம் வரை ஒரு வாய் டீ குடிக்காமல் சீட்டு பார்க்கும் டாக்டர்களை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். “வேற ஒண்ணும் இல்லையே?” என்று கேட்காதீர்கள், டாக்டர். அப்படிக் கேட்டால் எங்கள் வாயிலிருந்து “இல்லை”தான் வரும். “வேற என்ன சொல்லணும்மா?” என்று கேளுங்கள்.

எங்கள் தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவுக்குச் சர்க்கரை நோய். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை அதிகம் என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு, மாத்திரை கொடுக்க ஒரு தன்னார்வலர் பெண் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். போன மாத மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, என்னக்கா என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். மெட்ஃபார்மின் போட்டால் அக்காவுக்கு வயிறு கலக்குமாம். கடைக்குப் பக்கத்தில் கழிப்பறை கிடையாது. அதனால் காலை மாத்திரையை விழுங்குவதே இல்லை.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். “இதையெல்லாம் போய் அவர்கிட்ட எப்படிச் சொல்றது, டீச்சர்?” என்றார்.

அந்தத் தன்னார்வலர் பெண்ணே சீட்டின் பின்பக்கம் விஷயத்தை எழுதிக் கொடுத்தனுப்பினார். டாக்டர் படித்துவிட்டு, மெல்லக் கரையும் வகை மெட்ஃபார்மினை, இரவுச் சாப்பாட்டோடு போடும்படி மாற்றிக் கொடுத்தார். இப்போது அட்டையில் மாத்திரை மிஞ்சுவதில்லை.