எழுதப்படாத பரிந்துரை: டிபோர் ரூபினின் பதக்கம்

நேயர்களுக்கு வணக்கம். டிபோர் ரூபின் என்ற அமெரிக்கப் படைவீரரைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். கொரியப் போரில் செய்த செயல்களுக்காக, அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்தப் பதக்கம் கழுத்தில் ஏறியபோது அவருக்கு 76 வயது.

ரூபின் 1929இல் ஹங்கேரியின் பாஸ்தோ என்ற ஊரில், காலணி தைக்கும் ஒரு யூதரின் மகனாகப் பிறந்தார். பிள்ளையாவது தப்பட்டும் என்று பெற்றோர் அவரைச் சுவிட்சர்லாந்தை நோக்கி அனுப்பிவைக்க, அவரோ வழியில் பிடிபட்டு, ஆஸ்திரியாவின் மௌத்தௌசன் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். 1945 மே மாதம் அமெரிக்கப் படை அம்முகாமை விடுவித்தது. பெற்றோரையும் ஒரு தங்கையையும் அதற்குள் அவர் இழந்திருந்தார். தம்மை மீட்ட படையிலேயே சேர்வேன் என்று உறுதி பூண்ட அவர், 1948இல் நியூயார்க் வந்து, ஆங்கிலத் தேர்வில் தோற்று, மறுபடி எழுதி, 1950இல் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டார். குடியுரிமை அவருக்கு அப்போது இல்லை.

கொரியாவில் அவர் 8ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட்டில் இருந்தார். பெயரில்தான் குதிரை, நடந்து போரிட்ட காலாட்படைதான் அது. தென் கொரியாவின் தேகு–பூசான் சாலை வழியே ரெஜிமென்ட் பின்வாங்கும்வரை, ஒரு குன்றின்மேல் தனியாளாக நின்று, வட கொரியப் படையை 24 மணி நேரம் அவர் தடுத்தார். மேலதிகாரிகள் இருவர் அவருக்கு விருது கோரிப் பரிந்துரை எழுதும்படி சார்ஜன்ட்டிடம் ஆணையிட்டனர். யூதர்மீது வெறுப்புக் கொண்டிருந்த அந்த சார்ஜன்ட் அதை எழுதவேயில்லை என்றும், ஆணையிட்ட இருவரும் பின்னர் போரில் மாண்டனர் என்றும் உடனிருந்த வீரர்கள் பிற்காலத்தில் உறுதிமொழிப் பத்திரம் அளித்தார்கள். எதிரியின் குண்டுக்குத் தப்பியவரைத் தம் பக்கத்து எழுதுகோல் வீழ்த்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் உன்சான் என்ற இடத்தில், வட கொரியாவுக்குத் துணையாக வந்த சீனப்படை பெருந்திரளாகத் தாக்கியது. இயந்திரத் துப்பாக்கியில் இருந்த மூவர் அடுத்தடுத்து வீழ்ந்தபின் ரூபின் அதைக் கையிலெடுத்து, குண்டுகள் தீரும்வரை சுட்டார். பிறகு காயத்துடன் சிறைப்பட்டார்.

குன்றின்மேல் காட்டிய தீரத்தைவிட, இதற்குப் பிறகு நடந்தவற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். பசியாலும் குளிராலும் நோயாலும் கைதிகள் மடிந்துகொண்டிருந்த முகாமிலிருந்து, அகப்பட்டால் சித்திரவதையோ சாவோ உறுதி என்று தெரிந்தும், இரவில் நழுவிச் சென்று எதிரியின் உணவுக் கிடங்குகளிலும் தோட்டங்களிலும் திருடி, கொண்டுவந்ததை அவர் எல்லோருக்கும் பங்கிட்டார். எழ முடியாதவர்களைக் கழிப்பிடத்துக்குச் சுமந்து சென்றார். அழுகிய புண்ணைச் சுத்தப்படுத்தப் புழுக்களைக்கூட விட்டுப் பார்த்தார். மௌத்தௌசனில் உயிர் பிழைக்கக் கற்றதையெல்லாம் இங்கே பிறர் உயிரைக் காக்கப் பயன்படுத்தினார். ஹங்கேரி அப்போது கம்யூனிஸ்ட் நாடாகியிருந்ததால், அங்கேயே திருப்பி அனுப்புகிறோம் என்று சீனர்கள் சொல்லிப் பார்த்தார்கள், அவர் மறுத்துவிட்டார். அவரால் உயிர் பிழைத்தவர்கள் நாற்பது பேர்வரை இருப்பார்கள் என்று விருதுச் சான்றுரை கூறுகிறது.

1953 ஏப்ரலில் விடுதலையாகிக் குடியுரிமை பெற்றவர், பின்னர் கலிஃபோர்னியாவில் தம் அண்ணன் நடத்திய மதுக்கடையில் வேலை பார்த்தார். அவருக்காக மனுமேல் மனு எழுதியவர்கள் பழைய முகாம்தோழர்களே. பாகுபாட்டால் யூத வீரர்களுக்கு விருது மறுக்கப்பட்டதா என்று ஆராய நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே கோப்பு நகர்ந்தது. 2005 செப்டம்பர் 23 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வெள்ளை மாளிகையில் பதக்கத்தை அணிவித்தார்.

ரூபின் 2015இல் காலமானார். கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு இப்போது அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஒரு படைத்தளத்துக்குச் சூட்டியிருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது என்பது என் எண்ணம்.