பீர் ஆலையின் ஈரச் சக்கை செங்கல் சூளைக்குப் போனால்

[காட்சி: கூட்டரசு நெடுஞ்சாலையின் காலைப் போக்குவரத்து. சாலையோரத்தில் உயர்ந்து நிற்கும் ஆலைக் கலன்கள்.]

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையின் வழித்தடத்தில்தான் மலேசியாவின் பெரிய பீர் ஆலைகள் அமைந்திருக்கின்றன. ஒன்று பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேயிலும் மற்றொன்று ஷா ஆலமிலும் இருக்கின்றன. இந்த விளக்கத்தில் நாம் பேசப்போவது, பீர் போத்தலுக்குள் போகும் முன்பே ஆலையிலிருந்து வெளியேறிவிடும் பார்லிச் சக்கையைப் பற்றியே. அதைக் கொண்டு வீடு கட்டும் பொருள் செய்யலாமா, செய்யலாமென்றால் எந்தப் பொருளுக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைப் பார்ப்போம்.

[காட்சி: வரைபடம். பார்லி, வெந்நீர்க் கலன், வடிகட்டும் கலன், கொதிகலன், நொதிக்கலன்.]

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைக்கும்போது, தானியத்தில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நீரில் கரைகிறது. அந்த இனிப்புநீரை வடித்தெடுத்த பின் கலனின் அடியில் தங்குவது உமி, நார், புரதம் ஆகியவை சேர்ந்த சக்கை. வடித்த நீரைக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதன் பிறகுதான் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். சக்கையில் சாராயம் இருக்குமா என்று நம் நாட்டில் கட்டாயம் எழக்கூடிய கேள்விக்கு இந்த வரிசையே தொழில்நுட்ப விடை தருகிறது: சாராயம் உருவாவது ஈஸ்ட் சேர்ந்த பிறகு, சக்கை பிரிவது அதற்கு முன்பு. சமய நோக்கில் அது ஏற்புடையதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் வேறு. நாம் செய்முறையை மட்டும் சொல்கிறோம்.

நூறு லிட்டர் பீர் காய்ச்சினால் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சுகிறது. உலகளவில் இது ஆண்டுக்கு 4 கோடி டன்னை நெருங்கும் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் அந்த எடையில் 75 முதல் 80 விழுக்காடு வரை வெறும் தண்ணீர். எஞ்சிய உலர் பொருளிலும் புரதமும் கொஞ்சம் சர்க்கரையும் இருப்பதால், நம்முடைய வெயிலிலும் ஈரக்காற்றிலும் அது இரண்டு மூன்று நாள்களுக்குள் புளித்து நாறத் தொடங்கிவிடும். மாட்டுப் பண்ணைகள் இதைத் தீவனமாக வாங்கிக்கொள்வதும் உண்டு என்பதால், இதைக் கழிவு என்று அழைப்பதே பாதிதான் சரி. மாடு தின்னக்கூடியதை, அதுவும் நல்ல விலை போகும் நிலையில், சூளைக்கு அனுப்புவதில் எந்தப் பெருமையும் இல்லை என்பது எங்கள் கருத்து. தீவனத்துக்குப் போக மிஞ்சுவதும், கெடத் தொடங்கிவிட்டதும், வாங்க ஆளில்லாததுமே இங்கே நம் கணக்கில் வருகின்றன.

[காட்சி: சிமெண்ட் கலவை இயந்திரம்.]

முதலில் சிமெண்ட். காய்ந்த சக்கையைப் பொடித்துக் கான்கிரீட்டில் போட்டுவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்துவதற்குச் சிறிதளவு சர்க்கரையே போதும் என்பது கொத்தனார்கள் அறிந்த செய்தி. சக்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும், சிமெண்டின் காரத்தில் கரைந்து வெளிவரும் பிற கரிமப் பொருள்களும் அதே வேலையைச் செய்கின்றன. எனவே பச்சைச் சக்கைக்குக் கான்கிரீட்டில் இடமில்லை. பசை சேர்த்து அழுத்திய துகள் பலகை செய்ய முடியும். பூஞ்சையைச் சக்கையில் வளரவிட்டு, அதன் இழைகளே பிணைப்பாக அமையும் இலேசான வெப்பத்தடுப்புப் பலகையும் செய்ய முடியும். ஆனால் இரண்டுக்கும் ஈரம் பகை. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் கோலாலம்பூரில், குளிர்சாதன அறையின் உட்சுவருக்கு வெளியே அவற்றை நம்புவது கடினம்.

இனிச் செங்கலுக்கு வருவோம். நிதானமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

[காட்சி: களிமண் பிசையும் இயந்திரம், அச்சிலிருந்து நீண்டு வரும் களிமண் பாளத்தைக் கம்பி அறுக்கிறது.]

களிமண்ணில் எரியக்கூடிய பொருளைக் கலப்பது நமக்குப் புதிதல்ல. மண்சுவருக்கு வைக்கோலும், செங்கல்லுக்கு உமியும் சேர்த்த மரபிலிருந்து வந்தவர்கள் நாம். கோலாலம்பூரிலும் 1881இன் தீயும் வெள்ளமும் மரவீடுகளையும் அத்தாப்பு ஓலைக் கூரைகளையும் அழித்த பிறகு, செங்கல்லும் ஓடும் கொண்டு நகரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தியதால், இன்று நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் பிரிக்பீல்ட்ஸில் சூளைகள் எழுந்தன.

பார்லிச் சக்கை கலந்த களிமண்ணைச் சூளையில் ஏற்றும்போது, வெப்பம் சில நூறு பாகையைக் கடந்ததும் சக்கை எரிந்து மறைகிறது. அது இருந்த இடங்கள் நுண்துளைகளாக நிற்கின்றன. 900 பாகைக்கு மேல் சுற்றியுள்ள களிமண் இறுகிவிடுகிறது. துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் செங்கல் எடையும் குறைந்து, சூடும் மெதுவாகவே ஊடுருவுகிறது. ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இதைப் பற்றி எழுதினார்கள். பின்னர் போர்ச்சுகலின் டோமார் நகர ஆய்வாளர்கள், 5 விழுக்காடு சக்கை சேர்த்த செங்கல் வலிமையில் வழக்கமான செங்கல்லுக்குக் குறையாமல், வெப்ப இழப்பை 28 விழுக்காடு குறைத்ததாக 2013இல் தெரிவித்தார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு வெப்பம் வெளியே போகாமல் இருப்பது ஆதாயம். நமக்கு அது உள்ளே வராமல் இருப்பது ஆதாயம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு செங்கல்லுக்கு 3 கிலோ உலர்ந்த களிமண் என்று கொள்வோம். அதில் 5 விழுக்காடு உலர் சக்கை என்றால் 150 கிராம். அதை ஈரமாகவே எடுத்தால் ஏறக்குறைய 700 கிராம். அதாவது மூன்றரை லிட்டர் பீர் காய்ச்சியதில் மிஞ்சும் சக்கை. அந்த 700 கிராமில் அரை லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் இருக்கிறது. 3 கிலோ களிமண்ணைப் பிசைந்து அச்சில் தள்ளுவதற்கு எப்படியும் 600 கிராம் அளவில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். பலகை செய்பவருக்குச் சக்கையை உலர்த்துவதே பெருஞ்செலவு. செங்கல் செய்பவருக்கோ அந்தத் தண்ணீர் குழாயில் பிடிக்க வேண்டிய தண்ணீருக்கு ஈடாகிவிடுகிறது. மேலும், காய்ந்த சக்கை எரியும்போது விறகுக்கு நிகரான வெப்பத்தைத் தருவதால் சூளையின் எரிபொருளிலும் ஒரு பங்கு மிச்சமாகிறது. ஈரம், எரியும் தன்மை ஆகிய இரண்டு குறைகளும் பயனாகிவிடும் இடம் என்பதால்தான் நாங்கள் மற்ற வழிகளைவிடச் செங்கல்லையே முன்னிறுத்துகிறோம்.

[காட்சி: பாதியாக உடைத்த செங்கல், நடுவில் கருப்புத் திட்டு.]

சிக்கல்கள் இல்லாமலில்லை. சூளையை அவசரமாகச் சூடேற்றினால் காற்று செங்கல்லின் நடுப்பகுதியை எட்டும் முன்பே வெளிப்புறம் இறுகி, உள்ளே கரி எரியாமல் கருப்பாகத் தங்கிவிடும். எரிந்து வெளியேறும் புகையை அப்படியே வானில் விடாமல், சூளையின் வெப்பமான பகுதிக்குத் திருப்பி முழுமையாக எரிக்க வேண்டும். சக்கை கூடினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து செங்கல் அதிகம் தண்ணீர் குடிக்கும்; வலிமையும் இறங்கும். நம் ஊரில் கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் சுமையைத் தாங்க, செங்கல் பெரும்பாலும் இடைவெளியை அடைக்கும் சுவராக மட்டுமே நிற்பதால், வலிமைக் குறைவைவிடத் தண்ணீர் உறிஞ்சுவதே இங்குக் கூர்ந்து பார்க்க வேண்டியது. மதியத்துக்குப் பின் கொட்டும் மழை மேற்குச் சுவரில் சாய்ந்து அடிக்கும்போது, இருபுறமும் சிமெண்ட் பூச்சு இல்லாத சுவருக்கு இந்தச் செங்கல்லைப் பரிந்துரைக்க மாட்டோம். 28 விழுக்காடு என்ற எண்ணும் உங்கள் மின்கட்டணத்தைப் பற்றியதல்ல. தரைவீடுகளிலும் இரட்டைமாடி வீடுகளிலும் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது.

ஆலையில் பீரைத் தெளிய வைக்கப் பயன்படும் டயட்டம் மண்ணும் கழிவாக வெளியேறுகிறது. நுண்ணுயிர்ப் பாசிகளின் சிலிக்கா ஓடுகளால் ஆன அந்த மண்ணையும் செங்கல் கலவையில் சேர்க்கலாம். ஆனால் காய்ந்த நிலையில் அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு என்பதால், ஈரமாக இருக்கும்போதே களிமண்ணோடு கலந்துவிடுவது அவசியம்.

[காட்சி: செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் முற்றம், குவிந்து கிடக்கும் வெற்றுக்குலைகள்.]

மலேசியாவின் அளவில் பார்த்தால் பார்லிச் சக்கை சிறிய கழிவுதான். செம்பனைக் குலைகளை அவித்துப் பழங்களை உதிர்த்த பின், குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றுக்குலையாக மிஞ்சுகிறது. அதுவும் ஈரம் மிகுந்த நார். செம்பனைக் கொட்டை ஓட்டை இலேசான கான்கிரீட்டில் சல்லிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களில் பல்லாண்டுகளாக நடந்துவருகின்றன. பார்லிச் சக்கையைக் களிமண்ணில் சேர்த்துப் பழகிய சூளைக்கு, நறுக்கிய வெற்றுக்குலை நாரைச் சேர்ப்பது அடுத்த படியாகவே இருக்கும்.

தொடங்க விரும்பும் சூளைக்காரர் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். சக்கை ஏற்றிய லாரி ஆலையிலிருந்து அன்றைக்கே சூளையை அடைய வேண்டும். முக்கால் பங்கு தண்ணீரைச் சுமந்துகொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போனால் டீசல் கணக்கிலேயே ஆதாயம் கரைந்துவிடும். தன் களிமண்ணில் 2, 3, 5 விழுக்காடு என்று தனித்தனியே சுட்டுப் பார்க்க வேண்டும். போர்ச்சுகல் களிமண்ணின் விடை சிலாங்கூர் களிமண்ணுக்கு அப்படியே பொருந்தாது. சுட்ட செங்கல்லை அதற்கான மலேசியத் தரநிலையின்படி அமுக்க வலிமைக்கும் நீர் உறிஞ்சலுக்கும் சோதித்துச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்று கையில் இல்லாமல் எந்தக் குத்தகைக்காரரும் அதைச் சுவரில் ஏற்ற மாட்டார்; ஏற்றவும் கூடாது.