ரயிலுக்கு டிக்கெட், பஸ்ஸில் பயணம்

(லண்டனில் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். பிரிட்டன் ரயில்வேயைப் பற்றிப் பேச அது போதாது. ஆனாலும் சுருக்கமாகவே பேசுகிறேன். நீட்டிக்கொண்டே போனால், நான் முடிப்பதற்குள் போக்குவரத்து அமைச்சர் மாறிவிடுவார்.

1996 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. 1948 முதல் அரசாங்கம் நடத்திய ரயில்வேயின் முதல் துண்டுகள் அன்றைக்குத்தான் தனியார் கைக்குப் போயின. விடியற்காலை 5:10க்கு ட்விக்கன்ஹாமில் இருந்து லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனுக்குக் கிளம்பிய வண்டிதான் முதல் தனியார் ரயில் என்று விழாவே எடுத்தார்கள். ஆனால் அதற்கு மூன்று மணி நேரம் முன்பே, வேல்ஸின் மேற்குக் கோடியில் ஃபிஷ்கார்டு துறைமுகத்தில் இருந்து லண்டனுக்கு ஒரு வண்டி உண்டு. இரவு 1:50க்கு. கடிகாரப்படி பார்த்தால் முதல் மரியாதை அதற்குத்தான் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? தண்டவாளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் ஃபிஷ்கார்டில் இருந்து கார்டிஃப் வரை அந்த ரயில் ஒரு பஸ்.

ஆமாம், இந்த நாட்டின் முதல் தனியார் ரயில் ஒரு பஸ். நான் கட்டிச் சொல்லவில்லை, நடந்தது. ரயில்வேயைக் கிண்டல் செய்யலாம் என்று வருகிறவனுக்கு இதுதான் சங்கடம். ராத்திரியெல்லாம் யோசித்து நாம் ஒரு நகைச்சுவையைத் தயார் செய்துகொண்டு வந்தால், அதை அமைச்சகம் ஏற்கெனவே கொள்கை முடிவாக அறிவித்திருக்கும்.

அதே நாளில் கைமாற வேண்டிய இன்னொரு தடம் லண்டன், டில்பரி, சவுத்எண்ட். அதைக் கடைசி நேரத்தில் நிறுத்திவைத்தார்கள். டிக்கெட் கணக்கில் கோல்மால். லண்டன் அண்டர்கிரவுண்டோடு பங்கு போடவேண்டிய வருமானத்தில் தங்கள் பக்கம் கூடுதலாக வரட்டும் என்று, ஒரு ஸ்டேஷனில் கொடுக்கவேண்டிய டிக்கெட்டை வேறொரு ஸ்டேஷனில் போட்டிருக்கிறார்கள். இன்னும் தனியாரே வரவில்லை, அதற்குள் அவ்வளவு தொழில் ஆர்வம்!

சரி, தனியாருக்குக் கொடுத்த இந்த ஃபிராஞ்சைஸ் முறை என்பது என்ன? நமக்குத் தெரிந்த சொல் குத்தகை. நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவன் ஏரும் மாடுமாவது சொந்தமாகக் கொண்டுவருவான். இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். தண்டவாளமும் சிக்னலும் ரயில்ட்ராக் என்ற கம்பெனிக்கு. ரயில் பெட்டிகள் ஏஞ்சல், போர்ட்டர்புரூக், எவர்ஷோல்ட் என்ற மூன்று வாடகைக் கம்பெனிகளுக்கு. எந்த ஊரில் எத்தனை வண்டி நிற்கவேண்டும், சீசன் டிக்கெட் வருஷத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்பதெல்லாம் அரசாங்கத்தின் கையில். ஓட்டுநரும் கார்டும் போன குத்தகைக்காரரிடம் இருந்தவர்கள்தான், சட்டைதான் மாறும். அப்போது குத்தகைக்காரர் புதிதாக என்ன கொண்டுவந்தார்? பெயிண்ட். பிளாட்பாரத்தில் நிற்கும்போது கவனித்திருப்பீர்கள், ஏழு வருஷத்துக்கு ஒரு முறை அதே பழைய பெட்டி புது நிறத்தில் வரும்.

இத்தனை பேர் பங்கு போட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் பஞ்சாயத்து வேண்டும். வண்டி தாமதமானால் யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்று ஒரு விதிப் புத்தகமே உண்டு. தாமதம் யார் தலையில் என்று வாதாடுவதையே முழுநேர வேலையாகச் செய்கிறவர்கள் ஏறத்தாழ 400 பேர் என்று, 2021இல் அரசாங்கமே தன் வெள்ளை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஓடும் ரயிலில் ஒரு பறவை மோதிவிடுகிறது என்று வையுங்கள். சின்னப் பறவை என்றால் குற்றம் வண்டி ஓட்டும் கம்பெனிக்கு. பெரிய பறவை என்றால் தண்டவாளத்துக்காரருக்கு. இந்த ஊர் வயல்களில் ஃபெசன்ட் என்று ஒன்று, காட்டுக்கோழி மாதிரி, நீள வாலோடு திரியும். அது சின்னதா பெரியதா? அதுதான் வழக்கு. கற்பனை செய்துபாருங்கள்: சூடாக்கிய ஓர் அறை, நடுவில் மேஜை, இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் செத்த கோழியின் புகைப்படம். வாலைச் சேர்த்து அளப்பதா, சேர்க்காமல் அளப்பதா? வெளியே பிளாட்பாரத்தில் நாம் மழையில் நிற்கிறோம்.

சிரிக்கிறோம். ஆனால் இந்தத் துண்டாடலுக்குச் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் உடைந்து வண்டி கவிழ்ந்தது, 4 பேர் இறந்தார்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம், தண்டவாளத்தின் சொந்தக்காரர் ரயில்ட்ராக். தன் தண்டவாளம் எங்கெங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று அந்தச் சொந்தக்காரருக்கே முழுசாகத் தெரியவில்லை. பயத்தில் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். அடுத்த வருஷமே கம்பெனி விழுந்தது. 2002இல் தண்டவாளம், அரசாங்கம் பின்னால் நின்ற, லாப நோக்கமில்லாத நெட்வொர்க் ரயில் என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. பிரிட்டன் ரயில்வேயை அரசுடைமையாக்கும் வேலை தொடங்கியது அன்றைக்குத்தான். சத்தமில்லாமல், வெட்கப்பட்டுக்கொண்டு.

மறுபடி பஸ்ஸுக்கு வருகிறேன். குத்தகை எடுத்தவர்கள் யார் என்று பட்டியல் எடுத்தால் ஸ்டேஜ்கோச், ஃபர்ஸ்ட்குரூப், நேஷனல் எக்ஸ்பிரஸ், கோ-அஹெட், அரைவா. எல்லாம் பஸ் கம்பெனிகள். பஸ்களைத் தனியாருக்குத் திறந்துவிட்ட 1985 சட்டத்துக்குப் பிறகு அரசு பஸ்களை ஒவ்வொன்றாக வாங்கி வளர்ந்தவர்கள். ஸ்டேஜ்கோச் எடுத்த சவுத் வெஸ்ட் ட்ரெயின்ஸில் முதல் காரியமாக ஆள்குறைப்பு நடந்தது. ஓட்டுநர்கள் கூடுதலாக இருக்கிறார்கள் என்று பணம் கொடுத்து அனுப்பினார்கள். 1997 தொடக்கத்தில் பார்த்தால், வண்டி இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. தினமும் வண்டிகள் ரத்து.

பஸ்காரர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. 1980களில் அரசாங்க ரயில்வேயே, வடக்கு இங்கிலாந்துக்குச் செலவில்லாமல் வண்டி வேண்டும் என்று, லேலண்ட் பஸ்ஸின் உடம்பை எடுத்து நான்கு சக்கரச் சட்டத்தின் மேல் வைத்து தண்டவாளத்தில் ஓட்டியது. பேசர் என்று பெயர். வளைவில் திரும்பினால் அது போடும் கீச்சு சத்தம் ஊருக்கே கேட்கும். இருபது வருஷத்துக்கென்று செய்த வண்டி, 2020க்குப் பிறகும் சில இடங்களில் ஓடியது. மான்செஸ்டர்காரர்கள் ரயில் ஓடாத நாளில் பஸ்ஸில் போனார்கள், ரயில் ஓடிய நாளிலும் பஸ்ஸில்தான் போனார்கள்.

இப்போது கிழக்குக் கடற்கரைத் தடத்தைப் பார்ப்போம். லண்டன் கிங்ஸ் கிராஸில் இருந்து எடின்பரோ. நல்ல வருமானம் உள்ள தடம். இதன் கதை ஏலச்சீட்டுக் கதைதான். சீட்டு ஏலத்தில் ஒருவர் வெறி பிடித்த மாதிரி கேட்டால், பக்கத்தில் இருப்பவருக்கு உடனே புரியும்: இவன் கட்டமாட்டான். லண்டனில் இருக்கும் போக்குவரத்து அமைச்சகத்துக்கு மட்டும் மூன்று முறையும் புரியவில்லை. முதலில் ஜி.என்.இ.ஆர். என்ற கம்பெனி. 2005இல் பத்து வருஷத்துக்கு 130 கோடி பவுண்ட் தருகிறேன் என்று எடுத்தார்கள், அடுத்த வருஷமே கையை விரித்தார்கள். சரி, 130 கோடி முடியவில்லை என்றால் அடுத்தவரிடம் குறைவாகத்தானே கேட்க வேண்டும்? நேஷனல் எக்ஸ்பிரஸ் 140 கோடி தருகிறேன் என்றது. கொடுத்தார்கள். 2007 டிசம்பரில் எடுத்தவர்கள் 2009 நவம்பரில் வண்டியை விட்டு இறங்கினார்கள்.

அப்போது வேறு வழியில்லாமல் அரசாங்கமே நடத்தியது. ஐந்து வருஷத்துக்கும் மேலாக, பெரிய பேச்சு எதுவும் இல்லாமல். ஏறத்தாழ 100 கோடி பவுண்ட் கஜானாவுக்கு வந்தது. பயணிகளுக்கும் திருப்தி. ஒரு தடம் ஒழுங்காக ஓடுகிறது, லாபமும் தருகிறது என்றால் பொறுப்புள்ள அரசாங்கம் என்ன செய்யும்? மறுபடி ஏலம் விட்டு, 2015 மார்ச்சில், தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, தனியாரிடம் கொடுத்தது. இந்த முறை கேட்ட தொகை எட்டு வருஷத்துக்கு 330 கோடி. வண்டியின் மேல் வர்ஜின் என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள், உள்ளே 90 சதவீதம் பங்கு ஸ்டேஜ்கோச்சுக்கு. மறுபடி பஸ். 2018 ஜூனில் அதுவும் கவிழ்ந்தது.

இதில் ஒரு சூட்சுமம். இந்த ஏலங்களில் தவணை ஆரம்பத்தில் இலேசு, கடைசி வருஷங்களில்தான் கனம். கனமான வருஷம் வருவதற்குள் இறங்கிவிட்டால்? முன்பணம் கொஞ்சம் போகும். நேஷனல் எக்ஸ்பிரஸுக்கு ஏழு கோடி பவுண்டுக்கு மேல் போனது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 140 கோடிக்குக் கையெழுத்துப் போட்டவர் ஏழு கோடியோடு எழுந்து போகலாம் என்றால், அதை ஒப்பந்தம் என்று சொல்வானேன்? நுழைவுக் கட்டணம் என்று சொல்லலாம். அப்புறம் அந்த நேஷனல் எக்ஸ்பிரஸுக்கே 2014இல் சவுத்எண்ட் தடத்தைப் பதினைந்து வருஷத்துக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் அதை 2017இல் விற்றார்கள். யாருக்கு? ட்ரெனிட்டாலியாவுக்கு. அதாவது இத்தாலி அரசாங்கத்தின் ரயில்வேக்கு. இங்கேதான் ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுக்க வழி செய்த 1993 சட்டத்தின் 25ஆவது பிரிவை ரசிக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனம் எதுவும் குத்தகை எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஆனால் அது பிரிட்டன் பொதுத்துறைக்கு மட்டும். ஜெர்மனியின் டாய்ச்ச பான் 2010இல் அரைவாவை வாங்கி இங்கே ரயில் ஓட்டியது. நெதர்லாந்து ரயில்வே அபெலியோ என்ற பெயரில் ஸ்காட்லாந்தில் ஓட்டியது. அரசாங்கத்துக்கு ரயில் நடத்தத் தெரியாது என்பதுதான் கொள்கை, ஆனால் எந்த அரசாங்கத்துக்கு என்பதை மட்டும் விளக்கவில்லை. லேபர் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது இதைத் திட்டியது. 1997இல் ஆட்சிக்கு வந்து 13 வருஷம் இதையே நடத்தியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2012இல் மேற்குக் கடற்கரைத் தடம். ஃபர்ஸ்ட்குரூப்புக்குக் கொடுப்பதாக அறிவித்து, அதுவரை அங்கே ஓட்டிய வர்ஜின்காரர் வழக்குப் போட்டு, அக்டோபரில் அத்தனையையும் ரத்து செய்தார்கள். அமைச்சகத்தின் கணக்கே தப்பு. பணவீக்கத்தைச் சேர்க்காமல் விட்டதும் அந்தத் தப்புகளில் ஒன்று. மக்கள் பணம் குறைந்தது ஐந்து கோடி பவுண்ட் போயிற்று. 2018 மே மாதம் புதுக் கால அட்டவணை கொண்டுவந்தார்கள். நார்தர்ன், தேம்ஸ்லிங்க் என்ற கம்பெனிகளில் வண்டிகள் தினமும் நூற்றுக்கணக்கில் ரத்து. விண்டர்மியர் கிளைப்பாதையில் வண்டியே கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். கடைசியில், பழைய வண்டிகளை உல்லாசப் பயணத்துக்கு ஓட்டும் கம்பெனி ஒன்று வந்து சில நாள் ஓட்டிக் காட்டியது.

அப்புறம் அதிவேக ரயில். 2023 அக்டோபரில் பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டருக்கே வந்து, மான்செஸ்டர் வரை வரவேண்டிய எச்.எஸ்.2 பாதையை ரத்து செய்வதாக அறிவித்தார். அறிவித்த மண்டபம் எது தெரியுமா? பழைய மான்செஸ்டர் சென்ட்ரல் ரயில் நிலையம். 1969இல் கடைசி வண்டி போனபிறகு அதை மாநாட்டு மண்டபமாக மாற்றியிருந்தார்கள்.

நம் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு குளிர்கால ஞாயிறு, ரயிலுக்குப் பதில் பஸ். டிக்கெட் கேட் வழியாக எங்களை உள்ளே விட்டார்கள். பிளாட்பாரத்தில் முப்பது அடி நடந்தோம், காலியான தண்டவாளத்தைப் பார்த்தோம், பக்கத்துக் கதவு வழியாக மறுபடி வெளியே வந்து பஸ் ஏறினோம். ஓட்டுநர் வெளியூர்க்காரர், பாவம். அடுத்த ஸ்டேஷன் எங்கே என்று எங்களிடம் கேட்டார். முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பையன் போனில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு "இடது, இடது, ஐயோ தாண்டிவிட்டோம்" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு பாலத்தின் மேல் போகும்போது கீழே தண்டவாளம் தெரிந்தது. பஸ்ஸே அமைதியாகிவிட்டது. எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப்பார்த்தோம், வேலைக்கு ஆள் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு ஆரஞ்சு கோட்டு மட்டும் வேலியில் தொங்கியது. ஒன்றரை மணி நேரத் தாமதம். இழப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். முதல் கேள்வி: நீங்கள் பயணம் செய்த ரயில் எது?

கொரோனா வந்ததும் பயணிகள் இல்லை, வருமானம் இல்லை. நஷ்டம் முழுவதையும் அரசாங்கம் தலையில் ஏற்றுக்கொண்டது. 2020 செப்டம்பரில் ஃபிராஞ்சைஸ் முறை முடிந்தது என்று, அதைக் கொண்டுவந்த கன்சர்வேட்டிவ் கட்சியே அறிவித்தது. லேபர் வந்து 2024இல் சட்டம் போட்டது: குத்தகை முடிய முடிய ஒவ்வொரு கம்பெனியும் அரசாங்கத்துக்கு. நல்லது. ரயில் பெட்டிகள் மட்டும் வாடகைக் கம்பெனிகளிடமே இருக்கும், அதில் கை வைக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் வந்தது சவுத் வெஸ்டர்ன். 1996இல் ட்விக்கன்ஹாமில் விழா எடுத்தார்களே, அதே தடங்கள்தான். 2025 மே 25, மறுபடி ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 5:36க்கு வோக்கிங்கில் இருந்து வாட்டர்லூவுக்கு முதல் அரசு வண்டி. அன்று காலை பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், கொடி வரைந்த புதுப் பெயிண்டோடு ஒரு வண்டி. வரப்போகும் அரசு ரயில் நிறுவனத்தின் பெயரை, கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்று பெரிதாக எழுதி, அதோடு "விரைவில் வருகிறது" என்றும் எழுதியிருந்தார்கள். வந்து நிற்கிற ரயிலின் மேலேயே!

அந்த 5:36 வண்டி கிளம்பியது. சர்பிட்டன் வரை போனது. அங்கே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். முன்னால் தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம். ஸ்டேஷனுக்கு வெளியே பஸ் தயாராக நின்றது.