உட்கார வைத்தது யார்?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தாய்மைக் காலத்தில் பெண்களின் உடல் இயக்கம் குறைந்துபோனதற்குப் பெரிதும் காரணம் அவர்களது வாழ்க்கை முறையா, சுற்றியிருப்பவர்களா? இதுதான் தலைப்பு. சுற்றியிருப்பவர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் அம்மி, ஆட்டுக்கல், கிணற்றடி எல்லாவற்றையும் நினைவுபடுத்தினார். "அன்று நிறைமாதத்திலும் நாற்று நட்டார்கள். இன்று மிக்சியும் செல்போனும் வந்ததும் பெண்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள்" என்றார். கைதட்டலும் கிடைத்தது. ஐயா, அந்தச் சோம்பேறி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் சம்பளமில்லாமல் அதற்குச் செலவிட்ட நேரம் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களுக்கு 97. இதே நாட்டுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை, ஆண்களில் அது 42 சதவீதம் என்று 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்? ஆகும். அடுப்படியில் ஐந்து மணி நேரம் நின்றால் இடுப்பு விட்டுப்போகும், கால் வீங்கும். ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் வேண்டிய வேகம் அதில் வராது. களைத்துப் போனவளைப் பார்த்துத்தான் சோம்பேறி என்கிறோம்.

இது கல்யாணத்துக்குப் பிறகு தொடங்குவதும் இல்லை. வயதுக்கு வந்த அன்றே "இனி ஓடாதே, குதிக்காதே, பையன்களோடு விளையாடாதே" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பன்னிரண்டு வயதில் நிறுத்திய கால்கள் இருபத்தைந்தில், வயிற்றில் பிள்ளையோடு, தாமாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

சரி, கர்ப்பம் உறுதியானதும் என்ன நடக்கிறது? மாடி ஏறாதே. கையைத் தூக்கித் துணி காயப்போடாதே, குழந்தையைத் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும். இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு, படுத்துக்கொள். எட்டு மாதம் இப்படி வைத்திருந்துவிட்டு, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அதே வாய் சொல்கிறது: "குனிந்து வீட்டைத் துடை, நட, அப்போதுதான் சுகப்பிரசவம் ஆகும்." எட்டு மாதம் பழக்கமே இல்லாத உடம்பு ஒரே மாதத்தில் என்ன செய்யும்?

இந்தப் பயத்துக்கு மாமியாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மருத்துவ உலகமே பயந்த காலம் உண்டு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 1985-ல், கர்ப்பிணி உடற்பயிற்சி செய்யும்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்றது. 1994-ல் அந்த வரம்பைக் கைவிட்டது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளும் குழந்தை பெற்றவர்களும் வாரம் 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் இயங்கச் சொல்கிறது, உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் குறைக்கச் சொல்கிறது. மிதமான வேகம் என்றால், நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. அவ்வளவுதான். நச்சுக்கொடி கருப்பையில் கீழே இருந்து ரத்தக்கசிவு ஏற்படுபவர்கள், கர்ப்பகால ரத்த அழுத்தம் வந்தவர்கள், கருப்பை வாய் பலவீனமானவர்கள், இவர்களுக்கு மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் அவர்களுக்கான எச்சரிக்கையை எல்லாக் கர்ப்பிணிகள் தலையிலும் கட்டுவதைத்தான் தவறு என்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நச்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையா குழுவினர் தமிழ்நாட்டில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை நோய் நகர்ப்புறத்தில் 17.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம். உணவு, பரம்பரை, வயது எல்லாம் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நகரத்துக் கர்ப்பிணி எங்கே நடப்பாள்? நடைபாதையில் பைக் நிற்கிறது, தெருமுனையில் நாய்கள். பூங்கா திறந்திருக்கும் காலை வேளையில் அவள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் அலுவலகம். கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்தில் நெடுநேரம் நின்று செய்யும் வேலையைத் தரக்கூடாது என்றது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம்; 2025-ல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அருமையான பாதுகாப்பு. ஆனால் இன்று கணினி முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் 'சீட்டில் ஆளில்லை' என்று மேலாளர் குறித்துக்கொள்கிறார்.

பிரசவத்துக்குப் பின்னால்தான் எனக்கு மனம் அதிகம் வலிக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். கால் நரம்பில் ரத்தம் உறையக் கூடாது என்று நர்ஸ் கைபிடித்து எழுப்பி நடக்க வைத்து அனுப்புகிறார். வீட்டுக்கு வந்ததும் 'பச்சை உடம்பு' என்று கட்டிலில் போடுகிறோம். அது அம்மாவின் பாசம், தெரியும். ஓய்வும் வேண்டும்தான். ஆனால் நாற்பது நாள் முடிந்து, உடம்பு தேறி, மருத்துவரும் நடக்கலாம் என்ற பிறகு? அவள் நடக்கப் போகும்போது குழந்தையை யார் வாங்கி வைத்துக்கொள்வது? மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்து அப்பாவுக்குச் சட்டப்படி அதுவும் கிடையாது.

நடுவர் அவர்களே, அவளுக்கு நாளுக்கு அரை மணி நேரம் போதும். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் மறுபடியும் சோம்பேறித்தனம் என்று சொல்வதானால், அந்த அரை மணி நேரம் குழந்தையை யார் வைத்துக்கொள்வது, அடுப்பை யார் பார்ப்பது என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.