கட்சிக்கு ஒரு மூளையா?

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேசியதை ஒட்டியே எழுதியிருக்கிறேன்.)

அண்ணாச்சிமார், அக்காமார், பின்னால் இடம் கிடைக்காமல் நிற்கிற கல்லூரித் தம்பி தங்கைகள், எல்லாருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். "பழமைவாதிகள் பயந்தாங்கொள்ளிகள், முற்போக்காளர்கள் திறந்த மனசுக்காரர்கள், அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் அடிக்கடி சுற்றி வரும். உடனே எதிரணிக்காரர் அதற்கு நேர்மாறான ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்புவார். கடைசியில் டீக்கடையில் வந்து நிற்பது ஒரே வாக்கியம்தான்: "அவனுக்கு மூளையே அப்படித்தாம்லே." எனக்கு உறுத்துவது அந்த வாக்கியம். ஒருவர் சொல்வது சரியா தப்பா என்று பார்ப்பதை விட்டுவிட்டு அவர் மண்டையை எடைபோட ஆரம்பித்தால், அதற்கப்புறம் அவரிடம் பேச என்ன இருக்கிறது?

சரி, ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? 2003இல் ஜான் ஜோஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 12 நாடுகளில் எடுத்த 88 மாதிரிகளை, 22,818 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தெளிவில்லாத நிலைமையைப் பொறுத்துக்கொள்ளாத குணம், எதிலும் ஒழுங்கு வேண்டும் என்ற விருப்பம், இதெல்லாம் பழமைவாதத்தோடு சேர்ந்து வருகிறது என்றார்கள். சேர்ந்து வருவது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு? இரண்டு விஷயம் எவ்வளவு சேர்ந்து வருகிறது என்று சொல்ல ஒட்டுறவு எண் என்று ஒன்று உண்டு: 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. இங்கே அந்த எண்கள் பெரும்பாலும் 0.3ஐச் சுற்றித்தான். 0.3 என்றால் மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கை மட்டும் அது விளக்கும், மிச்சம் தொண்ணூற்றியொரு பங்குக்கு வீடு, சாதி, தொழில், படிப்பு, அப்பா எந்தக் கட்சி என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் எப்படி யோசிப்பார் என்று யாரும் கணித்துவிட முடியாது.

அந்த மாதிரி எண்ணும் எப்படி வருகிறது, எந்த வினாத்தாளை வைத்து மனசை அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1950இல் அடோர்னோ என்ற ஜெர்மன் சிந்தனையாளரும் இன்னும் மூன்று பேரும் சர்வாதிகாரத்துக்கு வளைந்து கொடுக்கும் மனசை அளக்க ஒரு வினாத்தாள் போட்டார்கள். அதில் ஒரு வரி: அதிகாரத்தில் உள்ள பெரியவர்களுக்குக் கீழ்ப்படிவதும் மரியாதை கொடுப்பதும்தான் பிள்ளைகள் கற்க வேண்டிய மிக முக்கியமான நற்குணங்கள். இதை முக்கூடலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். கையை நிறுத்தாமலே "ஆமா, பின்ன?" என்பார். அவர் சங்கத்தில் கொடி பிடிக்கிறவராக இருக்கலாம், கோயில் கொடைக்கு முதல் ஆளாக வரி கொடுக்கிறவராக இருக்கலாம், பல நேரம் இரண்டும் அவரேதான். அந்த "ஆமா"வுக்கு ஒரு மதிப்பெண் போட்டு அவரை ஒரு பக்கம் தள்ளினால் அது யாரை அளந்ததாகும்? அந்த வினாத்தாளில் இன்னொரு கோளாறும் இருந்தது. எல்லா வரியும் ஒரே திசையில், "ஆமா" என்றாலே சர்வாதிகாரப் பக்கம் மதிப்பெண் ஏறும்படி எழுதப்பட்டிருந்தது. கேட்கிறவர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற நல்ல மனுஷனுக்கும் அதில் மதிப்பெண் கூடிவிடும். படித்த பிள்ளை காகிதத்தோடு வாசலில் வந்து நின்றால் நம் ஆட்கள் மறுத்துப் பேசுவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

"தேவைப்பட்டால் யோசிக்கிற விதத்தை மாற்றிக்கொள்வேன்" என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதுவது வேறு, புதிர் ஒன்றைக் கொடுத்து அவர் மாற்றிக்கொள்கிறாரா என்று பார்ப்பது வேறு. இரண்டாவது வழியில் அளக்கும்போது கொள்கைக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பு இன்னும் மெலிந்துபோகிறது.

இனி உடம்பையே அளந்த ஆய்வு. 2008இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 46 பேருக்கு, முகத்தில் பெரிய சிலந்தி ஏறியிருக்கும் ஆளின் படம் மாதிரி சில பயங்கரப் படங்களைக் காட்டி, தோலில் வியர்வை எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார்கள். ராணுவச் செலவையும் தூக்குத் தண்டனையையும் ஆதரிப்பவர்களுக்குக் கூடுதலாக வியர்த்தது என்று புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழில் வந்தது, உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. பிறகு வேறொரு குழு, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 202 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தது. அந்தத் தொடர்பு வரவில்லை. முதல் ஆய்வை வெளியிட்ட இதழ் இதை வெளியிட மறுத்தது. 2020இல் வேறொரு இதழில்தான் வந்தது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது இன்னொன்று. 2012இல் அமெரிக்க அரசியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை. ஐசெங்க் என்ற உளவியலாளர் வகுத்த ஒரு குணம் இருக்கிறது. அதன் பெயர் என்னவோ நோயின் பெயர் மாதிரி இருக்கும், ஆனால் அது அளப்பது முரட்டுத்தனத்தையும், ஊர் வழக்கத்துக்கு அடங்காத போக்கையும். அது பழமைவாதிகளிடம் அதிகம் என்றது கட்டுரை. மற்றவர்கள் முன் நல்ல பேர் எடுக்கப் பார்க்கும் குணம் முற்போக்காளர்களிடம் அதிகம் என்றது. 2016இல் திருத்தம் வந்தது: விடைகளுக்கு எண் கொடுத்ததில் தலைகீழாகிவிட்டது, உண்மை நேர் எதிர். குணம் கொள்கைக்குக் காரணமாகாது என்ற எங்கள் மையமான முடிவு இதனால் மாறவில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள், அது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஊர் வழக்கத்துக்கு அடங்காதவர் பழமைவாதி என்று ஒரு முடிவு வந்தால், "இது எப்படி?" என்று நம் கிராமத்துப் பெரியவரே கேட்டிருப்பார். துறை அறிஞர்கள் நடுவில் அது நாலு வருஷம் அச்சில் நின்றது. மறு பக்கத்து ஆளைப் பற்றிக் கெட்டதாக ஒன்று வந்தால் நாம் கணக்கைச் சரிபார்ப்பதில்லை. எந்த அணியாக இருந்தாலும் இதே கதைதான். 2019இல் பீட்டர் டிட்டோ என்ற உளவியலாளரின் குழு 51 சோதனைகளை, 18,000 பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்தபோது, தனக்குப் பிடித்த முடிவு என்றால் ஆதாரத்தைத் துருவிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவின் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று வந்தது. ஜோஸ்ட் தரப்பு அதை மறுத்து எழுதியது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அப்புறம் நம் நாடு. முற்போக்கு என்றால் இடது, பழமை என்றால் வலது என்ற அளவுகோல் இங்கே சரியாக உட்காராது. வேறு ஊரிலும் அது அப்படியே உட்காரவில்லை. சோவியத் நாட்டில் அளந்தபோது, 1992இல் வந்த ஆய்வு அது, அதிகாரத்துக்கு வளையும் மனசு உள்ளவர்கள் கம்யூனிசத்தையே ஆதரித்தார்கள். அதாவது பழகிய ஒழுங்கைக் காக்கும் குணம் அந்த ஊரில் எது பழகிய ஒழுங்கோ அதோடு போய் ஒட்டிக்கொண்டது. இந்தியாவைப் பற்றி பிரதீப் சிப்பர், ராகுல் வர்மா என்ற அரசியல் ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள்: இங்கே கருத்துப் பிளவு இரண்டு கேள்வியில் இருக்கிறது, அரசு சமூகத்துக்குள் எவ்வளவு தூரம் கை நீட்டலாம், இடஒதுக்கீடு போன்றவற்றால் யாருக்கு இடம் செய்து கொடுக்க வேண்டும். ரேஷன் அரிசியும் மகளிர் இலவசப் பேருந்தும் வேண்டும் என்கிறவரே ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு தங்குகிறார். நெப்ராஸ்கா அளவுகோலில் அவர் எங்கே நிற்பார்?

பேச்சுக்கு நடுவில் ஒரு அண்ணாச்சி கேட்டார்: "அப்போ இந்த ஆராய்ச்சியெல்லாம் வெத்துவேட்டுன்னு சொல்லுதியளா?" இல்லை. தவறு வெளியே வந்ததும் இன்னொரு ஆராய்ச்சியால்தான், டீக்கடையால் இல்லை. ஒரே ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன். கேள்வியை எழுதினவர் எந்தப் பக்கம், எத்தனை பேரிடம் கேட்டார், வேறு யாராவது திரும்பச் செய்தார்களா, இதைக் கேட்டுவிட்டு நம்புங்கள்.

உளவியலில் இப்போது ஒரு நல்ல வழக்கம் வருகிறது, கருத்தில் மோதுகிறவர்கள் சேர்ந்தே ஆய்வைத் திட்டமிடுவது. அதை இங்கே செய்து பார்ப்போம். இந்த மண்டபத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறீர்கள். அணிக்கு இரண்டு பேர் உட்கார்ந்து கேள்விகளை நம் ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். எதிரணி "இது எங்களைக் கவிழ்க்க எழுதினது" என்று சொல்கிற கேள்வியை அடித்துவிடுவோம். என்ன விடை வந்தால் யார் சொன்னது தப்பு என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு நூலகரிடம் கொடுத்துவிடலாம். பிறகு முக்கூடல், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள், பெயர் எழுத நோட்டு வைத்திருக்கிறேன்.