மாதம் ஒரு கிலோ

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கத் தொடங்கி எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எடை குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், மாசத்துக்கு எத்தனை கிலோ குறையும்?" ஒரு கிலோ என்று சொல்வேன். உடனே முகம் வாடிவிடும். பத்து நாளில் ஐந்து கிலோ என்று தெருவுக்குத் தெரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஒரு கிலோ என்பது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்த ஒரு கிலோவுக்காகப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உடம்பில் சேர்ந்த கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். பத்து நாளில் ஐந்து கிலோ கொழுப்பு என்றால் 38,500 கலோரி. ஒரு நாளைக்கு 3,850. நம்மில் பெரும்பாலோர் காலையிலிருந்து இரவு வரை மொத்தமாகச் செலவழிப்பதே அவ்வளவு கிடையாது. பத்து நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் அது நடக்காது.

ஆனால் எடை மெஷினில் முள் இறங்குகிறதே என்பீர்கள். இறங்கும். முதல் வாரத்தில் போவது பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் சோறு, இட்லி எல்லாம் சர்க்கரையாக மாறி, அதில் ஒரு பங்கு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சேமிப்பு தீரும், தண்ணீரும் வெளியேறும். மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்ட இரண்டு மூன்று நாளில் போன தண்ணீர் திரும்பி வந்துவிடும். அந்த மூன்று நாளில்தான் பல பேர், "எனக்கு மட்டும் எதைத் தின்றாலும் உடம்பு போடுகிறது" என்று மனம் உடைந்துபோகிறார்கள்.

எனக்கும் அது நடந்திருக்கிறது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தம்பி கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, சூப்பும் பழமும் தவிர எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். இந்தப் படிப்பைப் படித்தவள்தான் நான். ஆனாலும் பட்டுப்புடவை ஜாக்கெட் கைக்குள் நுழையாதபோது படித்தது எதுவும் முன்னால் வந்து நிற்கவில்லை. ஆறு கிலோ குறைந்தது. கல்யாணத்தில் எல்லோரும் கேட்டார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. ஐந்தாவது மாதம் எடை பார்த்தபோது பழைய எடையைவிட இரண்டு கிலோ கூடுதல்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய ஆராய்ச்சியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி நடத்தியது. போருக்குப் போக மனச்சாட்சி இடம் தரவில்லை என்று மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். 24 வாரம் பாதிப் பட்டினி, வாரத்துக்கு 22 மைல் நடை. அவர்களுக்குக் கொடுத்த சாப்பாடு ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று பத்திரிகைகளிலும் வீடியோக்களிலும் வரும் பல டயட் அட்டவணைகளில் அதைவிடக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஆரோக்கியமான ஆண்கள் அவர்கள். சில வாரத்திலேயே பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி ஆகிவிட்டது. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சல், சோர்வு, எதிலும் நாட்டமின்மை. சோதனை முடிந்து வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்த பிறகும் பசி அடங்கவில்லை. வயிறு வெடிக்கும்வரை சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றவர்கள் உண்டு. எடை திரும்பியபோது தசையைவிடக் கொழுப்புதான் வேகமாகத் திரும்பியது. மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. பட்டினி போட்டால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது, அவ்வளவுதான். டயட் இருந்து தோற்றுவிட்டேன் என்று என்னிடம் வந்து அழுகிற பெண்களுக்கு இந்தக் கதையை நான் எப்போதும் சொல்வேன்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மெதுவாகக் குறைத்தாலே போதும், எடை திரும்பவே திரும்பாது என்று எங்கள் துறையில் ரொம்ப காலம் சொல்லிவந்தோம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அதைச் சோதித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு குழு 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தது, இன்னொரு குழு 36 வாரத்தில் நிதானமாக. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் குறைந்த எடையில் பத்தில் ஏழு பங்கு திரும்பியிருந்தது. ஆக, வேகம் குறைவு என்பதில் மட்டும் மந்திரம் எதுவும் இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய எடைக்குத் திரும்புவோம். பிறகு ஏன் மெதுவாகப் போகச் சொல்கிறேன் என்றால், ஒரு வீட்டின் சமையல் மாறுவதற்கு மாதங்கள் ஆகும். நாக்கு மாற வேண்டும், கடையில் வாங்கும் சாமான் மாற வேண்டும், மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் அது பழக வேண்டும். அதற்கு முன்னால் எடை மட்டும் ஓடிப்போய் என்ன பயன்? அதோடு வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்தால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பாத்திரக்கடை வைத்திருக்கிறார், வயது 52, வந்தபோது 91 கிலோ. பகல் முழுக்க கல்லாவில் உட்கார்ந்திருப்பார். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கடை அடைத்து, இரவு பத்தரைக்குப் பரோட்டா. மதுரைக்காரர்களுக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவருக்கு நான் அட்டவணை எதுவும் எழுதித் தரவில்லை. முதல் மாதம் ஒரே மாற்றம், டீயை மூன்றாக்கி, சர்க்கரையை ஒரு ஸ்பூன் ஆக்குவது. கணக்குப் பாருங்கள். பன்னிரண்டு ஸ்பூன் மூன்று ஸ்பூன் ஆகிறது. ஸ்பூனுக்கு ஐந்து கிராம், கிராமுக்கு நான்கு கலோரி. ஒரு நாளைக்கு 180 கலோரி மிச்சம், சோற்றுத் தட்டில் கையே வைக்காமல்! இரண்டாம் மாதம் பரோட்டா வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆனது. மற்ற நாட்களில் கடைப் பையன் எட்டரைக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியர் எடுத்து வந்துவிடுவான். மூன்றாம் மாதம்தான் நடையைப் பற்றிப் பேசினேன்.

பதினான்கு மாதத்தில் 91 கிலோ 83.5 ஆனது. இடையில் மூன்று மாதம் ஒரு கிராம்கூட அசையவில்லை. சித்திரைத் திருவிழாவில் ஒரு கிலோ ஏறியது. முள் அசையாத அந்த மாதங்களில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். உடம்பு சிறுத்துவிட்டால் அதற்குத் தேவைப்படும் கலோரியும் குறைகிறது, அதனால் வேகம் தானாகத் தணியும். அது தோல்வி இல்லை. அவரிடம் அந்தச் சமயத்தில் எடை பார்ப்பதை ஓரமாக வைத்துவிட்டு, தையல் டேப்பால் இடுப்பை அளக்கச் சொன்னேன். எடை நின்ற இடத்திலேயே இருந்தாலும் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், இதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நமக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு.

சரி, நடை. மதுரையில் இருப்பவர்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம் தெரியும். அதைச் சுற்றி ஒரு முறை வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான்கு சுற்று, ஒரு மணி நேரம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதில் 200 முதல் 250 கலோரி வரை செலவழிப்பார். நடந்து முடித்து, நண்பர்களோடு நின்று இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் சாப்பிட்டால் அது அப்படியே திரும்ப வந்து சேரும். ஆகவே நடந்துவிட்டேன், இனி எதையும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். எடை இறங்குவதில் பெரும்பங்கு அடுப்படிக்கு, இறங்கிய எடை நிலைப்பதில் பெரும்பங்கு காலுக்கு. பதினான்கு கிலோ அளவுக்குக் குறைத்து, ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தக்க வைத்தவர்களின் பதிவேடு ஒன்றை அமெரிக்காவில் 1994 முதல் வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அதில் இருக்கிறார்கள். சாப்பாட்டு முறை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் பெரும்பாலோர் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், அதிலும் நடைதான் அதிகம். வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அத்துடன் வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, இப்படித் தொடங்கலாம். முழங்கால் வலியால் நடக்க முடியவில்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று பெண்கள் கேட்பார்கள். அலுப்பு உண்மை. ஆனால் நின்ற இடத்திலேயே நாள் முழுக்க நின்று வரும் அலுப்பு அது. அரை மணி நேரம் வாசல் தாண்டி வெளியே போக அவர்களை விடுங்கள் என்று வீட்டு ஆண்களைத்தான் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொன்று, குழந்தை தட்டில் வைத்த அரை தோசை, பாத்திரத்தின் அடியில் நின்ற ஒரு கரண்டி சாதம், வீணாகக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொள்வது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் சாப்பிடுகிற ஆளுக்குத்தான் இது நடக்கிறது. ஆழாக்கைக் கொஞ்சம் தலைதட்டி அளந்து போட்டாலே பாதி தீரும். தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் வைத்துச் சாப்பிடத் தொடங்குங்கள், சோறு அப்புறம் வரட்டும். இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் அளவு தானாகக் குறையும்.

எடை குறையாவிட்டால் எல்லாமே வீண் என்று நினைக்கிறவர்களுக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். ஒரு பிரிவினருக்கு தினமும் அரை மணி நேர நடையும், இனிப்பும் எண்ணெயும் குறைந்த சாப்பாடும். மூன்று வருடத்தில், வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, பழக்கத்தை மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷின் காட்டாத நன்மை உள்ளே நடந்துகொண்டிருந்தது. எனக்கு மனம் தளரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்ளும் ஆய்வு இது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தாமாக எதுவும் செய்ய வேண்டாம். எந்த முயற்சியும் இல்லாமல் எடை இறங்கினால் அதைக் கொண்டாடாமல் டாக்டரைப் பாருங்கள். இப்போது ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. தேவைப்படுகிறவர்களுக்கு அவை நல்ல உதவி, ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை பெருமளவு திரும்புகிறது. ஊசி போட்டாலும் சமையலறை மாறித்தான் ஆக வேண்டும்.

இன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதாவது ஒரு கிலோ உடல் கொழுப்பைவிட அதிகம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது என் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். நீங்கள் இப்போதே எதையும் குறைக்க வேண்டாம். அடுத்த எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில், சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு பேனாவால் வட்டம் போடுங்கள். அதற்கடுத்த பாக்கெட்டுக்கும் போடுங்கள். வறுவல், பொரிப்பு, தாளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும். மாதக் கடைசியில் எத்தனை வட்டம் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து நின்று எண்ணிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.