கைமாறும் பாட்டு, தொலையும் பெயர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஆர்மீனிய மொழியில் ராப் பாடும் இளைஞர்களைப் பற்றியும், அவர்களுடைய பாட்டுகள் காசில்லாமல் கைமாறுவதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். காகசஸ் மலைநாட்டுச் சங்கதி நமக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். சென்னை பாரிமுனையில், அரண்மனைக்காரன் தெருவில், 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார் அதன் வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆர்மீனிய மொழியின் முதல் இதழான 'அஸ்தரார்' 1794-இல் அவருடைய முயற்சியால் மதராஸில் அச்சானது. தாய்நாட்டிலிருந்து எவ்வளவு தொலைவு, பாருங்கள்! அந்த மொழியில் எதை எழுதினாலும், எதைப் பாடினாலும், படிப்பவர்களும் கேட்பவர்களும் உலகம் முழுக்கச் சிதறி இருப்பார்கள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சினூடே பல முறை இதற்கே வருவேன்.

ஆர்மீனியக் குடியரசில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். வெளியே வாழும் ஆர்மீனியர்கள் அதைவிட அதிகம். மாஸ்கோவில் இருக்கிறார்கள், பெய்ரூட்டில் இருக்கிறார்கள், பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இருக்கிறார்கள், லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய கிளெண்டேலில் தெருத்தெருவாக இருக்கிறார்கள். இந்த நிலையில் தலைநகர் எரெவானில் நாலு இளைஞர்கள் ஒரு ராப் குழு தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். 2000-களில் 'ஹாய் த்கெக்' என்ற குழு அந்த ஊரில் பெயர் எடுத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களில் ஒருவர் வரி எழுதுகிறார், ஒருவர் கணினியில் தாளம் கட்டுகிறார், கையிலிருக்கும் பணமெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகிறது. பாட்டு வெளியாகிறது. காசு கொடுத்து வாங்கக்கூடிய ரசிகர் வேறு நாட்டில் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இந்தப் பாட்டு கிடைக்காது. யாரோ ஒரு மாமன் மகன் நகல் எடுத்து அனுப்புகிறான். பாட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. பணம் வரவில்லை.

பணம் வராதது நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் வளரும் குழுவுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நகல் மேல் நகல் எடுக்கும்போது பாடியவர் பெயர் உதிர்ந்துவிடுகிறது. நேயர்களில் பலர் கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியிருப்பீர்கள். அட்டையில் படத்தின் பெயர் இருக்கும்; எழுதிய கவிஞர், வாசித்த கலைஞர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. சினிமாப் பாட்டுக்கு அது தாங்கும், ஏனென்றால் சுவரெல்லாம் போஸ்டர் இருக்கிறது. எரெவானில் முதல் பாட்டை வெளியிட்டவனுக்கு எந்தச் சுவரில் போஸ்டர் இருக்கிறது? கோப்பின் தலைப்பில் 'ஆர்மீனிய ராப், ஏழாவது பாட்டு' என்று மட்டும் இருந்தால், பாரிஸில் அதைக் கேட்டு மயங்கியவர் யாரை அழைத்துக் கச்சேரி வைப்பார்? பெயர் போனால் மேடை போகிறது. மேடை போனால் அடுத்த பாட்டுக்கான காசு போகிறது.

இந்த நகல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சோவியத் காலத்தில் இசைத்தட்டு என்றால் அரசு நிறுவனமான மெலோதியா மட்டும்தான். 1964-இல் ஏற்பட்ட நிறுவனம் அது. அரசுக்குப் பிடிக்காத பாட்டு தட்டாக வராது. அதற்கும் முன்பே லெனின்கிராடில் பழைய எக்ஸ்ரே படலத்தை வட்டமாக வெட்டி, அதில் பாட்டைக் கீறி ரகசியமாக விற்றார்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் விலா எலும்பு தெரியும். முள்ளை வைத்தால் பாட்டு கேட்கும். பிறகு டேப் ரெக்கார்டர் வந்ததும் வீட்டுக்கு வீடு பதிவு நடந்தது. அந்த மனிதர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நகல் எடுக்காவிட்டால் அந்தப் பாட்டுகளில் பல இன்று இருந்திருக்காது.

1988 டிசம்பரில் நிலநடுக்கம் ஸ்பிதாக் நகரைத் தரைமட்டமாக்கியது, கியும்ரியைச் சிதைத்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். அந்த அச்சத்தில் நாட்டின் மெத்சமோர் அணுமின் நிலையத்தை மூடினார்கள். அது மறுபடி இயங்கியது 1995-இல். இடையில் பக்கத்து நாடான அசர்பைஜானோடு போர், எல்லை அடைப்பு, நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் மின்சாரம். ஆர்மீனியர்கள் அதை இருண்ட, குளிர்ந்த ஆண்டுகள் என்கிறார்கள். அந்த இருட்டில் எந்த இசை நிறுவனம் முளைக்கும்? கைமாறிய கேசட்தான் அவர்களுக்கு வானொலியும் கடையும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். இது ராப் குழு இல்லை, ராக் குழு. ஆனாலும் ஆர்மீனியர்களையும் பாட்டுத் திருட்டையும் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போக எனக்கு முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் உருவான 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்'. நால்வரும் ஆர்மீனிய வம்சாவளி. பாடகர் செர்ஜ் தங்கியான் பெய்ரூட்டில் பிறந்தவர், பேஸ் கிட்டார் வாசிப்பவர் எரெவானில் பிறந்தவர். நான் சொன்ன சிதறல் ஒரே குழுவுக்குள் இருக்கிறது பாருங்கள். 2001-இல் வந்த 'டாக்ஸிசிட்டி' அவர்களை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அந்த ஆல்பத்துக்காகப் பதிவு செய்து, சேர்க்காமல் விட்ட பாட்டுகள் நிறைய இருந்தன. வேலை முடியாத அந்தப் பாட்டுகள் எப்படியோ வெளியே கசிந்து இணையத்தில் பரவின. கசியவிட்டவர்கள் சும்மா இருக்கவில்லை; 'டாக்ஸிசிட்டி 2' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் இருக்க, பிள்ளைக்கு ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள்!

குழு என்ன செய்தது தெரியுமா? பாட்டுகளை முழுமையாக்கி, 2002 நவம்பரில் தாங்களே ஆல்பமாக வெளியிட்டார்கள். தலைப்பு, 'இந்த ஆல்பத்தைத் திருடு' என்று பொருள்படும் 'ஸ்டீல் திஸ் ஆல்பம்'. அந்தச் சி.டி.யைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் அட்டைப் படம் இல்லை, பாட்டுப் புத்தகம் இல்லை. வீட்டில் எழுதிய வெற்றுத் தட்டுபோல, அதன் மேல் மார்க்கர் பேனாவால் கிறுக்கிய எழுத்து. குழுவினர் ஆளுக்கொரு விதமாக வடிவமைத்த தட்டுகளும் விற்பனைக்கு வந்தன. கள்ள நகலின் உடையைத் தாங்களே அணிந்துகொண்டு வந்து, இது எங்கள் பாட்டு, இதுதான் முடித்த வடிவம், எங்கள் பெயர் இது என்று சொன்னார்கள். இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவர்களுக்கு அந்தப் பலம் இருந்தது, பெரிய நிறுவனம் பின்னால் நின்றது. நேற்று தொடங்கிய எரெவான் குழுவின் அரைகுறைப் பாட்டு கசிந்தால், யார் தலைப்பை மீட்டுக் கொடுப்பார்கள்?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ராப் பாட்டு கிளைத்த ஹிப்ஹாப் கலை பிறந்ததே அடுத்தவர் இசைத்தட்டில்தான். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் நடத்திய விருந்தைத்தான் அதன் பிறப்பு என்கிறார்கள். எந்தத் தட்டை ஒலிக்கவிடுகிறோம் என்று போட்டியாளர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, ஹெர்க் தட்டைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவாராம். ஆக, பெயரை மறைப்பதும் இந்தக் கலையின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. 1991-இல் அமெரிக்க நீதிமன்றம் அனுமதி வாங்காமல் அடுத்தவர் இசைத் துணுக்கை எடுத்தது குற்றம் என்று ஒரு ராப் பாடகருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற வேதாகம வசனத்தோடு அந்தத் தீர்ப்பு தொடங்குகிறது. அதன் பிறகு, யாரிடம் எடுத்தோம் என்று எழுதி, அனுமதி பெற்று, பங்கு கொடுக்கும் வழக்கம் வேர் பிடித்தது. ஆகவே ராப் பாடுகிறவன் தன் பெயரைக் கேட்பது தகாத ஆசை இல்லை. அவன் வரி வேறெவரும் பாடக்கூடிய வரியும் இல்லை. எழுதியவனே பாடுகிறான், அவன் குரல்தான் அவன் கையெழுத்து.

பெயரோடு போன பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சூப்பர் சாக்கோவைச் சொல்ல வேண்டும். கியும்ரியில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் ராப் கலைஞர். ஸ்பிதாக்கைச் சேர்ந்த ஹாய்கோவோடு அவர் பாடிய, 'போகாதே' என்று பொருள்படும் 'மி க்னா' யூட்யூபில் கோடிக்கணக்கில் கேட்கப்பட்டது. நிலநடுக்கம் அழித்த இரண்டு ஊர்ப் பெயர்கள் ஒரே பாட்டில் சேர்ந்தன. 2018-இல் பிரான்சின் புகழ்பெற்ற ராப் பாடகர் மேத்ர் கிம்ஸ் அதில் சேர்ந்து பாடிய வடிவமும் வந்தது. மூவர் பெயரும் அதில் இருந்தன. ஆர்மீனியம் தெரியாத பிரெஞ்சு இளைஞர்கள் அந்தப் பல்லவியைப் பாடினார்கள். அதே பாட்டுக்கு ஆடும் கல்யாண வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். பலவற்றில் பாடியவர் யார் என்ற ஒரு வரிகூட இருக்காது.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. சட்டம் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். ஆர்மீனியா பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் 2000-இல் சேர்ந்தது. இன்றைய பதிப்புரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. இணையத்தில் பாட்டுக் கேட்க உதவும் ஸ்பாட்டிஃபை அந்த நாட்டுக்குள் நுழைந்ததோ 2021-இல்தான். ஒரு முறை கேட்டால் அங்கே கிடைப்பது ஒரு அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவு. ஆனாலும் பெயர் சரியாகப் பதிவாகிறது. எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு குழுவின் கைக்கு வருகிறது. மார்செய்யில் ஆயிரம் பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கே ஓர் அரங்கத்தைப் பேசலாம். ராயல்டி வசூலிக்கும் சங்கம் எப்படி இயங்குகிறது, வானொலி நிலையங்கள் எப்படிக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், அதற்கு இன்று இடமில்லை. இந்த வாரம் முடிந்தால் 'மி க்னா'வைப் பாடியவர்களின் சொந்தப் பக்கத்திலேயே கேட்டுப் பாருங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.